மரகதத்தின் மெல்பர்ன் கடிகாரம்

2024 அக்டோபர் 6, ஞாயிறு

வார விடுமுறை. தண்ணீர் பிடித்தது, ஸ்கூட்டர் கழுவியது, மரகதத்தின் மேசைக் கடிகாரத்தைத் திருத்தியது என்று மூன்று வேலைகள் முடிந்தன. மூன்றாவதை யாரும் சொல்லாமலே செய்தேன்.

அந்தக் கடிகாரம் மெல்பர்ன் நேரம் காட்டுவது. ஜூலையில் இவளுக்கு வேலை கிடைத்தபோது வாங்கினோம். மெல்பர்னில் தனியாக இருக்கும் வயதானவர்களைக் குளிப்பாட்ட, சமைத்துக் கொடுக்க, சற்று நேரம் பேசிக்கொண்டிருக்க ஆட்கள் வீடு வீடாகப் போகிறார்களாம். யார் எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்கு என்பதை எங்கள் வீட்டு ஹாலில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து இவள் ஏற்பாடு செய்கிறாள். பஸ் நிலையத்தில் வண்டிகளுக்கு நான் செய்வதை இவள் ஆஸ்திரேலியாவில் கிழவிகளுக்குச் செய்கிறாள். இருபத்தாறு வருடமாக டைம் கீப்பராக இருப்பவன் வீட்டில் இது பெருமைதான்.

அங்கே காலை பத்து என்றால் இங்கே ஐந்தரை. வித்தியாசம் நாலரை மணி நேரம். கடிகாரத்தில் அலாரம் அவர்கள் நேரப்படி ஒன்பதே காலுக்கு, நமக்கு நாலே முக்காலுக்கு. எழுந்து மரகதம் காப்பி போடுவாள். இருவரும் சமையலறையில் உட்கார்ந்து குடிப்போம். ஐந்து பத்துக்கு நான் டூட்டிக்குக் கிளம்புவேன். ஐந்தரைக்கு அவள் ஹெட்போனை மாட்டுவாள். செல்போனைத் தலைமாட்டில் வைத்தால் தூக்கம் வராது என்று சத்தத்தை அணைத்து ஹாலில் சார்ஜில் போட்டுவிடுவாள். ஆகவே வீடே அந்தக் கடிகாரத்தை நம்பித்தான் எழுந்திருக்கிறது.

இன்று சாயங்காலம் பார்த்தால் அது ஐந்தரை மணி நேரம் முந்தி ஓடிக்கொண்டிருக்கிறது. மலிவுச் சரக்கு. ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி நொடி முள் வரை சரிசெய்து வைத்தேன். நேற்று மரகதம் கடிகாரத்தைப் பற்றி ஏதோ சொன்ன மாதிரி இருந்தது. நான் பேப்பரில் இருந்தேன். ‘ஊம்’ என்றேன். ரிப்பேர் பார்க்கச் சொல்லியிருப்பாள்.

அக்டோபர் 7, திங்கள்

காலையில் காப்பி நன்றாக இருந்தது. ஆற அமரக் குடித்தோம்.

மதியம் ஒன்றே முக்காலுக்கு வீட்டுக்கு வந்தால் மரகதம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். வழக்கமாக இரண்டரை வரை கம்ப்யூட்டரை விட்டு எழ மாட்டாள். கண் சிவந்திருந்தது.

மெல்பர்னில் நேற்று அதிகாலை எல்லாக் கடிகாரங்களையும் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துவிட்டார்களாம். கோடை வந்தால் அப்படிச் செய்வார்களாம். சாயங்கால வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்குமாம். ஏப்ரலில் மறுபடி பின்னால் இழுப்பார்களாம். ஆகவே இன்று முதல் இவளுக்கு வேலை நாலரைக்குத் தொடக்கம், ஒன்றரைக்கு முடிவு. நாலரைக்கு உட்கார வேண்டியவள் என்னோடு காப்பி குடித்துவிட்டு ஐந்தரைக்கு உட்கார்ந்திருக்கிறாள். செல்போன் ஹாலில் ஒன்பது முறை சத்தமில்லாமல் அடித்து ஓய்ந்திருக்கிறது.

அந்த ஒரு மணி நேரத்தில் ஐரீன் என்ற எண்பத்தாறு வயதுக் கிழவியைக் குளிப்பாட்ட வேண்டிய பெண் உடம்பு சரியில்லை என்று வரவில்லை. வேறு ஆளை அனுப்ப வேண்டியது மரகதம். கிழவி குளியல் அங்கியோடு வாசல் பக்கம் நாற்காலி போட்டு ஒன்றரை மணி நேரம் காத்திருந்திருக்கிறாள். அவளுடைய மகன் புகார் கொடுத்துவிட்டான். நிவேதிதா என்று இவளுக்கு மேலே இருபத்தேழு வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள். எச்சரிக்கைக் கடிதம் அனுப்பிவிட்டாள். டிசம்பரில் முடிய வேண்டிய சோதனைக்காலம் மார்ச் வரை நீள்கிறது. இன்னொரு முறை நடந்தால் வேலை போய்விடும்.

“நேத்து மத்தியானமே கடியாரத்தைத் திருப்பி வெச்ச மாதிரித்தானுங்க இருக்குது” என்றாள். “எந்தப் பக்கம் திருப்புனன்னே தெரியலீங்க. நாப்பத்தேழு வயசுக்கே தலை இப்படி ஆயிருச்சே.”

சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ரசம் ஊற்றிவிட்டாள்.

அக்டோபர் 8, செவ்வாய்

3.45க்கு அலாரம். நான் எழுந்து காப்பி போட்டு அவள் மேசையில் வைத்தேன். சர்க்கரை கூடிவிட்டது. இதற்குத் தனிக் காரணம் எதுவும் இல்லை. எப்படியும் விழிப்பு வந்துவிட்டது.

அக்டோபர் 11, வெள்ளி

ஒரு அரசாங்கம் உத்தரவு போட்டு மணியை மாற்றுவது என்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை. எங்கள் பஸ் நிலையத்தில் 6.10 சத்தியமங்கலம் வண்டி 6.12க்கு எடுத்தால் பின்னால் வரும் தனியார் வண்டிக்காரன் என் மேசையைத் தட்டுகிறான். இரண்டு நிமிடத்துக்கே இந்தப் பாடு. ஒரு மணி நேரத்தை எடுத்து ஆறு மாதம் யாரிடமோ கொடுத்து வைக்கிறார்கள். வெளிச்சம் வேண்டுமென்றால் சீக்கிரம் எழுந்திருக்க வேண்டியதுதானே.

இதைச் சாப்பிடும்போது மரகதத்திடம் சொன்னேன். கத்திரிக்காய்க் குழம்பு.

“அந்த நாட்டுலயே மேல இருக்கற ஒரு மாநிலம் மாத்த மாட்டேங்குதுங்க” என்றாள். “எல்லையத் தாண்டுனா ஒரு மணி நேரம் வித்தியாசம்.”

அந்த மாநிலத்தார் விவரமானவர்கள்.

அக்டோபர் 19, சனி

மரகதம் ஞாபகசக்திக்கு வல்லாரைத் துவையல் அரைக்க ஆரம்பித்திருக்கிறாள். எனக்கு வல்லாரை ஆகாது என்பது ஊரறிந்தது. இரண்டு கரண்டி போட்டுக்கொண்டேன்.

“உங்களுக்கு எதுக்குங்க?” என்றாள்.

“உடம்புக்கு நல்லதுதானே.”

ஒரு மாதிரிப் பார்த்தாள்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. மெல்பர்னில் தீபாவளிக்கு விடுமுறை கிடையாது. பஸ்ஸுக்கும் கிடையாது. மரகதம் மூன்று மணிக்கே எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு புதுச் சேலையில் நாலரைக்கு உட்கார்ந்தாள். ஹெட்போன் துண்டுக்கு மேல் நிற்கவில்லை. நான் தண்ணீர் பிடித்து, விளக்கேற்றி, வாசலில் ஒரே ஒரு சரவெடி வைத்தேன். அதை மெல்பர்னே கேட்டிருக்கிறது. யாரோ துப்பாக்கியா என்று கேட்டாராம்.

மதியம் இரண்டு மணிக்கு வாழை இலை போட்டு இருவரும் தீபாவளி கொண்டாடினோம். கறிக்குழம்பு, பணியாரம். மூன்றரை வரை பேசிக்கொண்டிருந்தோம்.

நவம்பர் 14, வியாழன்

வீடு முழுவதும் துண்டுச் சீட்டுகள். ஃபிரிட்ஜில் ‘பால்’. கதவில் ‘சாவி, அடுப்பு, மோட்டார்’. மெல்பர்ன் கடிகாரத்தின் முதுகில் ‘தொடாதே மரகதம்’. கடைசிச் சீட்டைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் திண்டாடினேன். எழுத்து இவளுடையதுதான், தனக்குத்தானே எழுதிக்கொண்டது.

மொச்சைக் குழம்பு.

டிசம்பர் 3, செவ்வாய்

உடம்பு வலிக்கு லீவு போட்டிருந்தேன். இவள் வேலை செய்வதை முதல்முறையாகக் கேட்டேன். இங்கிலீஷில் சிரிக்கிறாள். வீட்டில் சிரிப்பதைவிட அரைப் படி சத்தம் கூட.

ஐரீன் கிழவி தினமும் காலையில் இவளையே கேட்டு வாங்கிப் பேசுகிறாள். அக்டோபரில் காக்க வைத்ததற்கு இவள் தானாகவே போன் செய்து மன்னிப்புக் கேட்டாளாம். அதிலிருந்து ஒட்டிக்கொண்டார்களாம். எண்பத்தாறு வயதுப் பெண்மணியை வாய் கூசாமல் ‘ஐரீன், ஐரீன்’ என்று பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். என்னை இருபத்து மூன்று வருடமாகப் பேர் சொன்னதில்லை.

இன்று ஐரீனிடம் என்னைப் பற்றி ஏதோ சொன்னாள். ‘ஹஸ்பண்ட்’, ‘காஃபி’, ‘வெரி சேஞ்ச்டு’ என்று காதில் விழுந்தது. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

மரகதத்தின் அக்கா வந்திருந்தாள். நான் காப்பி போட்டுக் கொண்டுவந்து கொடுத்ததைப் பார்த்து வாயில் கை வைத்துக்கொண்டாள். “மாப்பளை இப்படி மாறுவாருன்னு நான் நெனைக்கவேயில்ல கண்ணு. ஏதாச்சும் வேண்டுதலா?”

“அவரு மனசு அப்பிடிக்கா” என்றாள் மரகதம்.

நான் மோட்டார் போடப் போய்விட்டேன். தொட்டி ஏற்கனவே நிறைந்துதான் இருந்தது.

2025 ஜனவரி 25, சனி

நிவேதிதா போன மாத வேலைக்கு இவளைப் பாராட்டி எல்லோருக்கும் எழுதியிருக்கிறாள். மரகதம் படித்துக் காட்டினாள். படித்துவிட்டு, “இருந்தாலும் அக்டோபர்ல நடந்தது மறுபடி நடக்காதுன்னு என்ன நிச்சயம்?” என்றாள். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் இப்படி ஒரு பேச்சு. அவரைக்காய்ப் பொரியல் நன்றாக இருந்தது என்று சொன்னேன். வெண்டைக்காயாம்.

மார்ச் 9, ஞாயிறு

பெரிய சேதி. நிவேதிதா குழுவில் உள்ள பதினொரு பேரிடமும் அபிப்பிராயம் கேட்டிருக்கிறாள். மெல்பர்ன் கடிகாரத்தோடு வருடத்துக்கு இரண்டு முறை நாமும் நேரம் மாற வேண்டுமா, அல்லது எப்போதும் ஐந்தரையிலிருந்து இரண்டரை என்றே வைத்துக்கொள்வதா? இரண்டாவது என்றால் அவர்களுடைய கோடையில் காலை முதல் ஒரு மணி நேரத்தை வேறு நாட்டில் இருக்கும் இன்னொரு குழு பார்த்துக்கொள்ளும். வருகிற வெள்ளிக்குள் சொல்ல வேண்டும்.

ஐந்து மாதமாக நான் கரடியாகக் கத்திக்கொண்டிருப்பது இதைத்தான். “மாத்தவே கூடாதுன்னு சொல்லு அம்மிணி” என்றேன்.

“அதான் சொல்லப் போறனுங்க” என்றாள்.

நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

“ஐரீனோட காலையில பேசறது போயிரும். பரவால்ல. எனக்கு இந்த மாத்தலெல்லாம் ஞாபகம் நிக்காதுன்னு நிவேதிதாகிட்ட எழுதிக் குடுத்தர்றேன். அக்டோபர்ல நடந்ததையும் சேத்தி எழுதிப் போடறேன். நாளைக்கு யாரும் அந்தப் புள்ளையைக் குத்தம் சொல்லக் கூடாதில்லீங்க. பொறவு புதன்கெழமை ஈரோட்டுல மூளை டாக்டரைப் பாக்கப் பேர் குடுத்திருக்கேன். நீங்களும் வந்தீங்கன்னா நல்லாருக்கும்.”

இதை மோரை ஊற்றிக்கொண்டே சொன்னாள். அழவில்லை. மோர்ச்சோற்றுக்கு நான் இரண்டாவது முறை உப்புப் போட்டேன்.

மார்ச் 10, திங்கள்

சொல்லிவிடலாம் என்று போனேன். ஐரீனோடு பேசிக்கொண்டிருந்தாள்.

டூட்டியில் 7.40 ஈரோடு வண்டியை 7.20 என்று எழுதிவிட்டேன். கண்டக்டர், “அண்ணா, ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?” என்றான். இருபத்தாறு வருடத்தில் முதல் அடித்தல்.

மார்ச் 11, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

மதியம் இரண்டு பத்து. அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எந்தப் பீடிகையும் போடவில்லை. “மரகதம், டாக்டர் வேண்டாம். உன் ஞாபகத்துக்கு ஒண்ணும் ஆகலே. நீ கடியாரத்தைச் சரியாத்தான் திருப்பி வெச்செ. சாயங்காலம் நான்தான் பின்னாலே திருப்புனேன். தப்பா ஓடுதுன்னு நெனச்சேன்.”

அவள் கீரைத் தண்டை அப்படியே வைத்துவிட்டாள்.

“எப்பத் தெரியும் உங்களுக்கு? நீங்கதான்னு?”

“மறுநாள் மத்தியானம்.”

“அஞ்சு மாசம்” என்றாள். விரல் விட்டு எண்ணினாள். “அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி. அஞ்சு மாசமா நான் சீட்டு எழுதி ஒட்டிட்டு இருந்தனே, படிச்சுட்டுத்தான இருந்தீங்க?”

“படிச்சேன்.”

“வல்லாரைய வேற ரெண்டு கரண்டி போட்டுட்டுத் தின்னீங்க.”

எழுந்து போய் ஒவ்வொரு சீட்டாகக் கிழித்தாள். ஃபிரிட்ஜ், கதவு, சுவிட்ச் போர்டு. மெல்பர்ன் கடிகாரத்தின் முதுகில் இருந்ததை மட்டும் கிழிக்கவில்லை. ‘மரகதம்’ என்பதை அடித்துவிட்டு என் பேரைப் பெரிதாக எழுதினாள். இருபத்து மூன்று வருடத்தில் என் பேரை அவள் எழுதி நான் பார்ப்பது அது முதல் தடவை.

மார்ச் 12, புதன்

பேசவில்லை. காப்பி வைத்தேன். குடிக்கவில்லை.

மார்ச் 13, வியாழன்

பேசவில்லை. காப்பி குடித்திருக்கிறாள். டம்ளரை நான்தான் கழுவினேன்.

மதியம் எனக்கு முன்பே சாப்பிட்டு முடித்துவிட்டாள். தனியாகச் சாப்பிட்டேன். என்ன குழம்பு என்று கவனிக்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி

காலை மூன்று ஐம்பதுக்குப் பேசினாள்.

“இன்னைக்கு லீவு போடுங்க.”

“எதுக்கு?”

“வேலையிருக்குது.”

போட்டேன். வேலை என்னவென்றால், முதலில் நிவேதிதா. மரகதம் கம்ப்யூட்டர் முன் என்னை உட்கார வைத்து ஹெட்போனை மாட்டிவிட்டாள். திரையில் நிவேதிதா. வெளியூரில் இருக்கும் எங்கள் மகளைவிட நாலைந்து வயதுதான் மூத்தவள். நடந்ததைச் சொன்னேன். அந்தப் பெண் முகத்தைத் திருப்பி, கொஞ்ச நேரம் இருமினாள். சிரிப்பை இருமலாக்குவது பஸ் நிலையத்தில் நான் நிறையப் பார்த்தது.

“அங்கிள், நீங்க டைம் கீப்பர்தானே?” என்றாள்.

“ஆமாம்மா.”

மறுபடி இருமல். பிறகு, எச்சரிக்கைக் கடிதத்தை ரத்து செய்ய மேலே எழுதுவதாகச் சொன்னாள். அது கண்டிப்பான குரல். அந்தப் பெண் மேலே வருவாள்.

அடுத்து ஐரீன். அதற்குத்தான் எனக்கு வியர்த்தது. நேற்று முழுக்க வண்டிகளுக்கு நடுவில் இங்கிலீஷில் ஒரு மன்னிப்புத் தயாரித்து வைத்திருந்தேன், என்றைக்காவது தேவைப்படும் என்று. அதில் ‘இன்கன்வீனியன்ஸ்’ என்ற சொல் வரும். நேரம் வந்தபோது வரவில்லை.

“மேடம், ஐ டர்ன் தி கிளாக். மை வைஃப் நோ மிஸ்டேக்” என்றேன்.

பிறகு கிழவி பேசிய பேச்சில் பாதிதான் எனக்குப் புரிந்தது. மீதியை மரகதம் சொன்னாள். அவருடைய வீட்டு மின்சார அடுப்பிலேயே ஒரு கடிகாரம் இருக்கிறதாம். அதைத் திருப்பத் தெரிந்தவர் அவருடைய கணவர் ஒருவர்தானாம். அவர் போன பிறகு ஒன்பது வருடமாக அது ஆறு மாதம் தப்பாகவும் ஆறு மாதம் சரியாகவும் ஓடிக்கொண்டிருக்கிறதாம். வருகிற பெண்களெல்லாம் திருத்தித் தருகிறேன் என்கிறார்களாம். ஐரீன் விடுவதில்லையாம். கடைசியில், “உன்னுடைய பஸ்காரனைத் திட்டிவிட்டாயா?” என்று மரகதத்திடம் கேட்டார்.

“நாட் யெட் ஃபினிஷ்டு” என்றாள் மரகதம்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். அரைப் படி கூடுதல் சத்தத்தோடு.

மதியம் ஒன்றாகச் சாப்பிட்டோம். கொள்ளுப் பருப்பு, ரசம்.

“அபிப்பிராயம் எழுதிட்டியா?” என்று கேட்டேன்.

“எழுதிட்டேன். மாத்தோணும்னு.”

“அன்னிக்கு வேண்டாம்னியே?”

“அன்னிக்கு என் தலை கெட்டுப்போச்சுன்னு நெனச்சுட்டு இருந்தேன். கெட்டது என் தலை இல்லீன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சே.”

நான் ரசத்தைக் குடித்தேன்.

“பொறவு இன்னொண்ணுங்க. மாத்தறதை நிறுத்தீட்டா வருசம் பூரா ரெண்டரை வரைக்கும் நான் கம்ப்யூட்டர் முன்னாலதான். நீங்க வந்து தட்டை எடுத்துப் போட்டுத் தனியாச் சாப்பிடுவீங்க. கல்யாணம் ஆனதுலயிருந்து இந்த அக்டோபருக்கு முன்னால, வேலை நாள்ல நாம எப்ப ஒண்ணா உக்காந்து மத்தியானச் சோறு தின்னோம்? நீங்க கேண்டீன்ல. நான் நம்ம பாப்பாளுக்கு டப்பா கட்டிக் குடுத்துட்டு அடுப்படியில நின்னமானிக்கே தின்னுக்குவேன். யோசிச்சுச் சொல்லுங்க.”

யோசித்தேன். இந்த டைரியையும் இப்போது புரட்டிப் பார்த்தேன். அக்டோபரிலிருந்து கண்ட இடத்திலெல்லாம் என்ன குழம்பு என்று எழுதி வைத்திருக்கிறேன். காலைக் காப்பி பறிபோனதைப் பற்றி ஒரு வரிப் புலம்பல்கூட இல்லை.

கொள்கை வேறு, குழம்பு வேறு. மணியை மாற்றுவது தப்பு என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

மார்ச் 24, திங்கள்

பதினொரு பேரில் ஏழு பேர் மாற்றலாம் என்று சொல்லிவிட்டார்களாம். எச்சரிக்கைக் கடிதம் ரத்து. வேலை நிரந்தரம். கேசரி கிளறினாள். முந்திரி எனக்குக் குறைவாகத்தான் வந்தது. இன்னும் முழுக்கத் தீரவில்லை போலிருக்கிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு

மெல்பர்னில் மணியைப் பின்னால் இழுத்தாகிவிட்டது. மரகதம் கடிகாரத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

“இப்பத் திருப்புங்க. நான் சொன்ன பொறவு திருப்போணும், சொல்ற பக்கம் திருப்போணும்.”

திருப்பினேன். வாங்கிச் செல்போனோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டே எடுத்துப்போனாள். பயிற்சிக்கு வரும் புது டைம் கீப்பர்களை நான் இப்படித்தான் நடத்துவேன்.

ஏப்ரல் 7, திங்கள்

காலை நாலே முக்கால். ஆறு மாதத்துக்குப் பிறகு இருவரும் உட்கார்ந்து காப்பி. அவள் போட்டாள். சர்க்கரை சரியாக இருந்தது. இரண்டு பேருக்கும் கொட்டாவி. பெரிதாகப் பேசவில்லை. ஆனாலும் நல்ல இருபது நிமிடம். பேசாமல் உட்கார வேறு யார் இருக்கிறார்கள்.

மதியம் ஒன்றே முக்காலுக்கு வந்தேன். அவள் ஹெட்போனோடு கையைக் காட்டினாள். சாப்பாடு மூடி வைத்திருந்தது. தட்டை எடுத்தேன், வைத்தேன். பேப்பரை இரண்டாவது முறை படித்தேன். இரண்டு இருபத்தைந்துக்கு அவள் திரும்பிப் பார்த்து, “இன்னுமா சாப்படாம இருக்கீங்க?” என்றாள். பசிக்கவில்லை என்றேன். வயிறு அதே நேரத்தில் சத்தம் போட்டது.

ஏப்ரல் 8, செவ்வாய்

அதே கதை. இன்று பேப்பரில் மணமக்கள் தேவை விளம்பரம் முழுவதையும் படித்து முடித்தேன்.

ஏப்ரல் 10, வியாழன்

டூட்டி முடிந்ததும் கிளை மேலாளரைப் பார்க்கப் போனேன். செந்தாமரை மேடம். நல்லவர், ஆனால் எதையும் இரண்டு முறை படிப்பவர். என் விண்ணப்பத்தையும் இரண்டு முறை படித்தார்.

“குழந்தைவேலண்ணா, அஞ்சரை டூட்டியை ஆறரைக்கு மாத்திக் கேக்கறீங்க. சரி. காலையில அந்த ஒரு மணி நேரத்தை யாரு பாப்பாங்க?”

“ராத்திரி டூட்டி சின்னராசு பாத்துக்கறேன்னுட்டானுங்க மேடம். அவனுக்கு ஊர் வண்டியே ஆறரைக்குத்தான். அதுவரைக்கும் பெஞ்சுல சும்மா உக்காந்திருக்கறான்.”

“மத்தியானத்துக்கு வர்றவரு?”

“அவர் ஒண்ணரைக்கு வந்து கையெழுத்துப் போட்டாலும் ரெண்டரை வரைக்கும் டீக்கடையிலதானுங்க இருப்பாரு. அவருக்கு இதுல ஒரு கஷ்டமும் இல்லீங்க.”

மேடம் சிரிக்கவில்லை. அடுத்த வரிக்குப் போனார். அங்கே நின்றுவிட்டார்.

“இது என்ன, அக்டோபர் வந்தா மறுபடி அஞ்சரைக்கே மாத்தோணும்னு எழுதியிருக்கீங்க? வருசா வருசம் இப்படியா?”

“ஆமாங்க மேடம். ஏப்ரல்ல ஒருக்கா, அக்டோபர்ல ஒருக்கா.”

“ஏண்ணா, யாராவது வருசத்துக்கு ரெண்டு தடவை மணியை இப்படி மாத்திட்டிருப்பாங்களா?”

“நெறைய நாட்டுல மாத்தறாங்க மேடம்” என்றேன். “சாயங்கால வெளிச்சத்துக்குன்னு சொல்றாங்க.”

என்னை நிமிர்ந்து பார்த்தார். இந்த அறையில் இதே நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு நிமிடத் தாமதத்துக்காக எத்தனையோ டிரைவர்களை நான் மாட்டிவிட்டிருக்கிறேன். விண்ணப்பத்தை என் பக்கம் திருப்பி விரலை வைத்துக் காட்டினார்.

“காரணம்ங்கற எடத்தை வெறுமனே விட்டிருக்கீங்க. அதை எழுதாம நான் கையெழுத்துப் போட முடியாது.”

பேனாவை வாங்கினேன். குடும்பச் சூழ்நிலை என்று எழுதலாம், உடல்நிலை என்று எழுதலாம். எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ‘மனைவியுடன் மதியச் சாப்பாடு’ என்று எழுதிக் கொடுத்தேன்.

மேடம் அதையும் இரண்டு முறை படித்தார். பிறகு மேசைக் காலண்டரை இழுத்து, அக்டோபர் முதல் ஞாயிற்றைத் தேடி வட்டம் போட்டுக்கொண்டு, கையெழுத்துப் போட்டார்.